கார் சீட்டில் ஒரு பேனாக்கோடு

மகள் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொஞ்ச நேரம் பின்னாலிருந்து சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "அப்பா, பேனா வழுக்கிடுச்சு" என்று ஒரு குரல்.

வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். பழுப்பு நிறத் தோல் சீட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நீலக்கோடு. "விடு, வீட்டுக்குப் போய்த் துடைச்சிடலாம்" என்றேன், பெரிய மனது பண்ணிக்கொண்டு. கோடு போட்டதுதான் அவள். சீட்டைக் கெடுத்தது நான்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சில் கை சானிடைசரை நனைத்துத் தேய்த்தேன். முதல் தேய்ப்பிலேயே நீலம் கரைந்தது. ஆகா என்று இன்னும் இரண்டு முறை. பஞ்சு நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறியது. "பார், எவ்வளவு அழுக்கு வருது!" என்று மகளிடம் காட்டினேன். புதுப் பஞ்சு எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அதிலும் பழுப்பு. ஐந்தாவது பஞ்சில்தான் மண்டையில் உறைத்தது, இது அழுக்கு இல்லை, சீட்டின் நிறம். கையை எடுத்தால் நாணய அளவுக்கு ஒரு சாம்பல் வட்டம். கோடு போய்விட்டது. கோடு இருந்த இடமும் போய்விட்டது.

இந்த வண்டி என்னிடம் வரும்போதே அதற்கு ஏழு வயது. நான் இரண்டாவது சொந்தக்காரன். தோல் சீட்டைப் பார்த்து மயங்கி, டயரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வாங்கினேன் என்று மனைவி இன்றும் சொல்வாள். பொய் என்று சொல்ல முடியாது. வாங்கிய நாளிலிருந்து மாதம் தவறாமல் லெதர் கண்டிஷனர் பூசி வந்தவன் நான். "தோலுக்குச் சாப்பாடு போடணும், இல்லேன்னா வறண்டு வெடிச்சுடும்" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. அப்படிப்பட்டவன் கையாலேயே இது நடந்தது.

சாம்பல் வட்டத்தோடு நான் போய் நின்றது குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம். நாற்பது வருஷமாகக் கார் சீட் தைக்கிறவர். கதவைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"தோலுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. பெயின்ட்டை அழிச்சிருக்கீங்க."

"பெயின்ட்டா? இது தோல் சீட்டுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரலால் இரண்டு சொட்டு வைத்தார். ஒன்று நல்ல இடத்தில், இன்னொன்று வட்டத்தின் நடுவில். நல்ல இடத்துச் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி குண்டாக உட்கார்ந்திருந்தது. வட்டத்தில் வைத்தது ஓரங்களில் மெல்லப் பரவி, கறுத்து, உள்ளே இறங்கிவிட்டது. "இதுதான் தோலு" என்று கறுத்த இடத்தைக் காட்டினார். "மத்ததெல்லாம் மேல போட்ட சட்டை."

அந்த இரண்டு சொட்டுகளைப் பார்த்த பிறகு நான் இத்தனை நாள் செய்தது எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. அதற்கு முதலில் இந்தத் தோல் எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும்.

மாட்டின் பச்சைத் தோல் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும். அப்படியே சீட்டுக்குப் போட்டால் செருப்பில் உட்கார்ந்த மாதிரிதான். பதனிட்டு, அதை இயந்திரத்தில் கிடைமட்டமாக இரண்டாகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல்பகுதியில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். காருக்குப் போவது இதுதான், ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கீழ்ப்பகுதியில் நார்கள் தளர்வு. அதற்குப் பிளவுத்தோல் என்று பெயர். மேலே தடிமனாகப் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து, தோல் மாதிரி வரி அச்சடித்து அதையும் விற்கிறார்கள். அதுவும் மாட்டிலிருந்து வந்ததுதான் என்பதால் அதை "அசல் தோல்" என்று சொன்னாலும் பொய்யில்லை. அதனால்தான் லேபிளில் "அசல் தோல்" என்பதோடு வார்த்தை நின்றுவிட்டால் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது.

பதனிடும்போது நடப்பதும் சுவாரசியமானது. பதனிடாத தோலை ஈரத்தோடு 60 டிகிரி சுமாருக்குச் சூடாக்கினாலே அதன் கொலாஜன் என்ற புரத நார் சுருங்கிவிடும். குரோமியம் உப்பு ஏற்றிய தோல் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் அடுப்படிச் சூடு இருக்கும் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் கார்க்காரர்களுக்கு முக்கியம். குரோமியம் இல்லாமல் பதனிட்ட தோலும் இப்போது கார்களில் நிறைய வருகிறது. குரோமியத் தோல் ஈரமாக இருக்கும்போது நீலம் பாய்ந்திருக்கும். இந்த வகை வெளுப்பாக இருக்கும்.

தோலை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெயும் அங்கேயே ஏறிவிடுகிறது. தண்ணீரில் கலக்கும்படி செய்த எண்ணெயையும் ஈரத்தோலையும் பெரிய மர உருளைக்குள் போட்டு மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். ஒவ்வொரு நாருக்கும் நடுவில் எண்ணெய் புகுந்து உட்காரும். சாயமும் அந்த உருளையிலேயே ஏறும். காய வைத்த பிறகு மேலே நிறமிப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் கலந்த நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சு. பூச்சு மொத்தமும் சேர்த்து ஒரு தலைமுடிப் பருமன் வந்தால் அதிகம். இன்று ரோட்டில் ஓடும் கார்களில் தோல் சீட் என்று சொல்வதில் பெரும்பாலானது இந்த வகைதான். நாம் தடவிப் பார்த்து "அடடா, என்ன தோல்!" என்று சொல்லும்போது கையில் படுவது அந்த முடிப்பருமன் பூச்சு.

இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. பூச்சு இல்லாத தோலும் இருக்கிறது. அனிலின் என்பார்கள், வெறும் சாயம் மட்டும் ஏற்றியது. தொட்டால் கையை எடுக்க மனம் வராது. ஆனால் ஒரு சொட்டு காபி விழுந்தால் அது அங்கேயே குடியிருக்கும். வெயிலில் வெளுக்கும். நடுவில் அரை அனிலின் என்று மெல்லிய பூச்சு போட்ட ஒரு வகை, விலை உயர்ந்த கார்களில் வரும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் முழுப்பூச்சுத் தோலைத்தான் சொல்வேன், கூசாமல்.

சரி, சாப்பாடு போட்ட கதைக்கு வருகிறேன். பெரியவர் ஓட்டுநர் சீட்டின் நடுவில் விரலை வைத்து இழுத்தார். விரல் வழுக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. விரல் நுனியில் மினுமினுப்பான ஒரு கறுப்பு.

"என்ன போடறீங்க இதுல?"

சொன்னேன். மாதம் ஒரு தடவை என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

"மழைக்கோட்டுக்கு மேல சோத்தைப் பிசைஞ்சு பூசினா உள்ள இருக்கறவனுக்குப் பசி ஆறுமா?"

அதற்குப் பிறகு அந்த உபதேசத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. பூச்சு நல்லபடியாக இருக்கிற வரை அதைத் தாண்டி உள்ளே போகும் எண்ணெய் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேலேயே தங்கும். தூசியைப் பிடித்து வைக்கும். அந்தத் தூசியின் மேல் நாம் தினமும் உட்கார்ந்து எழுந்திருப்போம். நுண்ணிய மணல் ஒட்டிய காகிதத்தால் தேய்ப்பது மாதிரிதான். நான் தோலைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு பசை பூசி, அதில் மணலைத் தூவி, மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சமையல் எண்ணெயைத் தடவுகிறவர்களும் உண்டு. அது நாளாக ஆக ஊசிப்போய் வாடை வேறு அடிக்கும். பளபளவென்று மின்ன வைக்கும் சிலிகான் திரவங்கள் பற்றி ஒரே வரி: பின்னால் என்றைக்காவது சீட்டுக்கு நிறம் பூச வேண்டி வந்தால், சிலிகான் பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது.

பூச்சில்லாத அனிலினுக்குக் கண்டிஷனர் பயன்படும், பூச்சு தேய்ந்துபோன பழைய சீட்டுக்கும் ஓரளவு பயன்படும். உங்கள் சீட் எந்த வகை என்று தெரியாவிட்டால் அந்தத் தண்ணீர்ச் சொட்டு சொல்லிவிடும். சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்துப் பாருங்கள்.

முதல்முறையாகச் சீட்டை ஒழுங்காகக் கழுவியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுவியது என்பதே தப்பான வார்த்தை, தண்ணீர் ஊற்றவே கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, சீட் சூடு தணிந்த பிறகு, முதலில் வேக்குவம். தையல் மடிப்பை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்து, மென்மையான பிரஷ் முனை போட்டு உறிஞ்ச வேண்டும். அந்த மடிப்புக்குள் இரண்டு பென்சில் முனை, பிஸ்கட் தூள், நான் தேடிக்கொண்டிருந்த ஒரு சிம் கார்டு. மணல்தான் அதிகம். இதை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் மணலையே போட்டுத் தேய்க்கிறோம்.

அப்புறம் தோலுக்கென்றே விற்கும் மென்மையான கிளீனர். தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள், சோப்புக் கட்டியும் துணி சோப்புத் தூளும் காரம். ஒரு தடவை பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது, பழக்கமாக்கினால் பூச்சுக்கும் தையலுக்கும் நல்லதில்லை. கிளீனரைச் சீட்டில் அடிக்கவில்லை, பிரஷில் அடித்தேன். இரண்டு உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டமாகத் தேய்த்தேன், பல் விளக்குகிற அழுத்தத்தில். நுரை வெள்ளையாகக் கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வந்தது. உடனே ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். இந்தப் பழுப்பைப் பார்த்ததும் பழைய பயம் வந்துவிட்டது. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அழுக்குத்தான். நிறம் வந்தால் சீட்டின் நிறத்திலேயே பளிச்சென்று வரும், அழுக்கு மங்கலாக வரும். ஐந்து பஞ்சு செலவழித்துக் கற்ற பாடம்.

அந்த இரண்டு உள்ளங்கை இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது, நிறம் இரண்டு படி வெளுப்பாக. அதைவிட ஆச்சரியம், மினுமினுப்பு போய்விட்டது. தோல் சீட் என்றால் மின்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது மங்கலாகத்தான் இருக்கும். மின்னுவதெல்லாம் உடம்பு எண்ணெயும் வியர்வையும் என் கண்டிஷனரும். மனைவி வந்து பார்த்து, "இதுவா நம்ம சீட்டோட கலரு?" என்றாள். தலைசாய்க்கும் இடமும் கை வைக்கும் இடமும் ஸ்டீரிங்கும்தான் நேரம் எடுத்தன. தலையில் இருக்கும் எண்ணெய்ப் பசை அங்கேதான் இறங்கியிருந்தது. ஸ்டீரிங்கின் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் மூன்று சுற்று தேய்க்க வேண்டியிருந்தது.

காற்று வருவதற்காகப் பொடிப்பொடியாகத் துளை போட்ட சீட் என்றால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நுரையை அமுக்கித் தேய்த்தால் துளைக்குள் போய்க் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஒரு நண்பர் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுக்க அதை நோண்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் செய்வது மாதம் ஒரு தடவை வேக்குவம், ஈரத்துணி. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை நுரை. அவ்வளவுதான். மீதி எல்லாம் என்னவெல்லாம் செய்யக்கூடாது என்பதுதான். சானிடைசர் கை ஈரமாக இருக்கும்போது ஸ்டீரிங்கைப் பிடிப்பதில்லை, ஆல்கஹால் பூச்சை இளக்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை மெலமைன் நுரை அழுக்கைக் கரைப்பதில்லை, சுரண்டுகிறது. சீட்டுக்கு அது உப்புத்தாள்தான். கொசு விரட்டிக் களிம்பில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் அது பிளாஸ்டிக்கையே இளக வைக்கும். களிம்பு பூசிய கையைச் சீட்டில் ஊன்றினால் கைரேகையோடு பதியும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு. புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து பூச்சை இறுக வைக்கும், இறுகிய பூச்சு மடியும் இடத்தில் வெடிக்கும். நாம் பார்த்துப் பயப்படும் வெடிப்புகளில் பல இப்படித்தான் மேலே தொடங்குகின்றன.

மழைக்காலத்தில் பத்து நாள் வண்டியை எடுக்காமல் மூடி வைத்தால் பூஞ்சை வரும். ஈரக்குடை, நனைந்த மிதியடி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. நான் ஒரு முறை குடையை மறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினேன். சீட்டில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துடைத்தால் போய்விட்டது, வாடைதான் போக இரண்டு வாரம் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

ஜீன்ஸ் தனிக்கதை. புது ஜீன்ஸின் நீலம் சரியாக ஒட்டாத சாயம், உரசலிலும் வியர்வையிலும் வெளிறிய சீட்டுக்கு மாறிவிடும். உடனே துடைத்தால் போகும். மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் ஊறிவிடும். தந்த நிறச் சீட் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் என்ன உடுத்துவீர்கள்?

இதற்குள் பெரியவருக்கும் எனக்கும் பழக்கமாகிவிட்டது. ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க மேடு, இறங்கி ஏறும்போது இடுப்பு உரசும் இடம், என் வண்டியில் பூச்சு போய், நார் எழும்பி, ஒரு இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. எந்தப் பழைய காரையும் பார்க்கப் போனால் நான் இப்போது முதலில் பார்க்கும் இடம் அதுதான். மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் குறைவாகவும் அந்த மேடு தேய்ந்தும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைத்துவிடலாம் என்றார்.

சீட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. உறையை ஃபோமோடு பிடித்துவைத்திருக்கும் சின்ன இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உறையை உரித்து, உள்பக்கத்தைக் காட்டினார். உட்காரும் இடமும் சாயும் இடமும் பின்னால் மான்தோல் மாதிரி நார் நாராக இருந்தன. பக்கவாட்டிலும் முதுகுப் பின்புறத்திலும் பின்னால் பின்னல் துணி. "இது ரெக்சின்" என்றார். அதாவது என் தோல் சீட்டில் பாதி தோல் இல்லை. பெரும்பாலான கார்களில் இப்படித்தான். உடம்பு படும் முகப்பு மட்டும் தோல், மற்றதெல்லாம் அதே நிறத்தில் அதே வரி அச்சடித்த செயற்கைப்பொருள். விளம்பரக் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அத்தனை நாள் ரெக்சினுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டிருக்கிறேன்!

ரெக்சின் என்பது ஒரு காலத்தில் ஒரு பிரிட்டிஷ் தயாரிப்பின் பெயர், துணியில் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தது. அந்தச் சரக்கு போய்விட்டது, பெயர் நம் வாயில் நின்றுவிட்டது. இன்று நாம் ரெக்சின் என்பது பிவிசி அல்லது பாலியூரித்தேன். இரண்டும் ஒன்றில்லை. பாலியூரித்தேன் தொட மிருதுவாக, தோல் மாதிரியே இருக்கும். ஆனால் மலிவான வகை ஈரப்பதமும் சூடும் சேர்ந்த இடத்தில் சில வருஷங்களில் உடைந்து, வெயிலில் கருகிய முதுகுத் தோல் மாதிரி செதில் செதிலாக உரியும். பிவிசி கொஞ்சம் முரட்டுத்தனம், வெயிலில் ஒட்டும், காலப்போக்கில் இறுகும். ஆனால் அப்படி உரியாது. மெர்சிடிஸ் பென்ஸின் எம்பி டெக்ஸ் இந்த ரெக்சின் சாதிதான், பழைய டாக்சிகளில் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கிய பெயர் அதற்கு உண்டு. தூளாக்கிய தோலைப் பசையில் கலந்து தாளாக உருட்டும் "ஒட்டுத்தோல்" ஒன்று இருக்கிறது. அதைக் காருக்கு மட்டும் போடாதீர்கள். மோசமான தோலைவிட நல்ல ரெக்சின் எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. அல்காண்டரா தோலே இல்லை, பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த நுண்ணிழைத் துணி, 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் பிறந்தது. அழகு. ஆனால் ஸ்டீரிங்கில் வந்தால் வியர்வையில் மொத்தமாக அமுங்கிவிடும்.

புதுத் துண்டுக்கு ஒரு முழுத் தோலை மேசையில் விரித்தார். ஐந்து சதுர மீட்டர் சுமாருக்கு, மேசையைத் தாண்டி இருபக்கமும் தொங்கியது. காளைத்தோல். கன்று ஈன்ற பசுவின் வயிற்றுத் தோலில் சுருக்கக்கோடுகள் இருக்கும் என்பதால் உயர்ந்த கார்களுக்குக் காளைத்தோலையே தேடுவார்கள். விரலால் தடவிக்கொண்டே போய், சாக்பீஸால் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார். "இது உண்ணி கடிச்சது. இது முள்ளுக்கம்பில கிழிச்சு ஆறினது. இது கழுத்து மடிப்பு." எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாய்வாக விளக்கைப் பிடித்ததும் ஒரு மாட்டின் வாழ்க்கையே அங்கே எழுதியிருந்தது. இந்தத் தழும்புகளை மறைக்கத்தான் தொழிற்சாலையில் மேற்பரப்பை உரசி மட்டமாக்கி, கெட்டியாகப் பூச்சு போட்டு, பொய்யான வரியை அச்சடிக்கிறார்கள். ஒரே வரி வடிவம் சாண் தூரத்தில் அச்சு அசலாகத் திரும்பி வந்தால் அது அச்சு. மாட்டுக்கு அப்படி ஒழுங்கு தெரியாது.

வெட்டும்போது முதுகெலும்பை ஒட்டிய இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். வயிற்றுப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார், ரப்பர் மாதிரி நீண்டது. "இதை மேட்டுல போட்டா ஆறு மாசத்துல தொங்கிடும்." வெட்டிய ஓரத்தைப் பார்த்தேன். மேலே கோடு போட்ட மாதிரி பூச்சு, கீழே அடர்த்தியான நார். கட்டைவிரலால் அழுத்தினால் சுற்றிலும் மெல்லிய சுருக்கங்கள் ஓடிவந்து, விட்டதும் மறைந்தன. பளபளப்பான அட்டையில் பெயர் போட்ட மாதிரித் துண்டுகளும் இருந்தன. நப்பா என்று ஒன்று. கலிஃபோர்னியாவின் நாபா ஊரிலிருந்து வந்த சொல், இப்போது மிருதுவான தோல் எதற்கும் ஒட்டப்படும் பெயராகிவிட்டது. பெயரைப் பார்க்காதே, ஓரத்தைப் பார் என்பார்.

தைக்கும்போது வெளிப்பக்கத் தையலில் மட்டும் நூலை மாற்றினார். காரணம் கேட்டேன். அந்த மேட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து வரத் தொடங்கியது. மோதும்போது அது சீட்டைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த ஒரு தையலை மெல்லிய நூலால், எண்ணிப் போட்ட இடைவெளியில் தைக்கிறார்கள். அங்கே உறுதியான நூலைப் போட்டாலோ, மேலே இறுக்கமான உறையை மாட்டினாலோ, ஏர்பேக் வெளிவரத் தாமதமாகும், அல்லது வேறு பக்கம் திரும்பும். தோல் சீட்டைப் பாதுகாக்கிறேன் என்று அதற்கு மேல் ஒரு கவர் மாட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் இருக்கும் சீட் என்றால் மேட்டில் சின்னதாக ஒரு லேபிள் தைத்திருக்கும்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். கார் வந்த ஆரம்ப காலத்தில் தோல் வேலைக்காரனின் சீட். திறந்த முன்பக்கத்தில் மழையிலும் தூசியிலும் ஓட்டுகிறவருக்குத்தான் தோல் போடுவார்கள், உழைக்கும் என்பதால். பின்னால் மூடிய அறையில் உட்காரும் முதலாளிக்கு உயர்ந்த கம்பளித் துணி. எப்போது இடம் மாறியதோ!

சாம்பல் வட்டத்தைக் கடைசியில்தான் எடுத்தார். முதலில் அந்த இடத்தைக் கிளீனரால் மூன்று தடவை துடைத்து என் கண்டிஷனரை வெளியேற்றினார். பிறகு பழுப்பு, மஞ்சள், கறுப்பு, துளி சிவப்பு என்று தண்ணீரில் கலக்கும் நிறமிகளைக் குழைத்து, ஒரு சொட்டை எடுத்துச் சீட்டில் வைத்து, ஹேர் டிரையரால் காய வைத்து, பார்த்து, தலையாட்டி, துடைத்துவிட்டு மறுபடி குழைத்தார். ஐந்தாவது தடவைதான் ஒத்துவந்தது. காய்ந்தால்தான் உண்மையான நிறம் தெரியும். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி நான்கு மெல்லிய பூச்சு, மேலே மங்கலான காப்புப் பூச்சு. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் மட்டும் எனக்கு அந்த வட்டம் தெரிகிறது. மனைவிக்குத் தெரியவில்லை.

பால்பேனா மை பற்றி அவரிடம் நேராகவே கேட்டேன். விழுந்த உடனே என்றால் தோல் கிளீனர், அதுவும் ஒற்றி எடுக்கிற மாதிரி, கோட்டின் மேலே மட்டும். போகவில்லையா, நிறுத்திவிட்டுக் கோட்டோடு வாழப் பழகு. "கோடு ஒண்ணும் சோறு கேக்கலையே" என்றார்.

கிளம்பும்போது வெட்டியதில் மிச்சமான ஒரு துண்டைக் கையில் கொடுத்தார், உள்ளங்கை அகலம். எதை வாங்கினாலும் முதலில் இதில் போட்டுப் பார் என்று. அது இப்போது டாஷ்போர்டு அறைக்குள் இருக்கிறது. போன மாதம் ஒரு நண்பர் தோலுக்கு உயிர் கொடுக்கும் என்று ஒரு பாட்டிலைப் பரிசளித்தார். துண்டின் ஒரு பாதியில் மட்டும் பூசி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் அந்தப் பாதியில் மட்டும் காகிதத்தூளும் ஒரு முடியும் ஒட்டியிருந்தன. பாட்டில் இப்போது செருப்பு அலமாரியில் இருக்கிறது.

துண்டின் பின்பக்கத்தில், பூச்சில்லாத நார்ப்பக்கத்தில், மகள் பால்பேனாவால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். கிளீனர் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் தடித்ததுதான் மிச்சம்.